ஒரே வளவு, ரெண்டு விலைமனு

மருதமுனை
12.01.2025

அன்புத் தம்பி முர்ஷிதுக்கு, ராத்தா ஹாஜறாட ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இஞ்ச எல்லாரும் அல்லாட காவலில சுகம். கொழும்புச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கொள்ளல்ல எண்டு போன முறை சொன்னாய், இப்ப எப்படி? கடையில கண்டதையும் தின்னாத.

போன் இரிக்க என்னத்துக்குக் கடிதம் எண்டு சிரிப்பாய். போனில கதைச்சா ஒண்டு ஊட்டுக்குள்ள மச்சான்ட காதில விழுது, இல்லாட்டி வேலிக்கு அங்கால றஸ்மிட காதில விழுது. ரெண்டு பேருக்கும் கேக்காம மூச்சு விடக்கூட இந்த வளவில இடமில்ல. உன்ட அறையிலயும் நாலு பேராம். அதான் எழுதுறன்.

பள்ளிக்கூடங்களுக்கு மேசை, கதிரை செய்யிற ஓடருக்கு மச்சான் விலைமனு போட்டிரிக்கார். முன்ன மாதிரி கவர ஒட்டிப் பெட்டிக்குள்ள போடுறதில்ல, இப்ப எல்லாம் கம்பியூட்டரால. காலிதீன் மச்சானுக்கு உளி பிடிக்கத்தானே தெரியும்! நாந்தான் ரெண்டு கிழம குந்தி ஒவ்வொரு கடதாசியா ஏத்தினன். கடைசிக் கடதாசி போன பொறகு இடுப்பு நிமிரல்ல. அனுப்பி முடிச்சித்தான் பாத்தன், அது உன்ட திணைக்களம். பயப்படாத, உன்னட்ட ஒரு உதவியும் கேக்கல்ல. நேர்மையா நடந்தாப் போதும்.

உன்ட சின்ன ராத்தா றுஸ்னாட மாப்பிள றஸ்மியும் போட்டிரிக்கார். மரம் சீவுற மிஷினுக்காக வந்த கொழுவல், மூணு வருசமாகியும் சகலன் ரெண்டு பேரும் முகம் பாக்கல்ல. நாங்க ரெண்டு பேரும் மட்டும் வேலிக்கால கறி மாத்திக்கொள்ளுறம்.

அக்கரைப்பற்றுல இருந்து, உனக்குப் பேசி வெச்ச நுஸ்ஹாட வாப்பா ஆள் அனுப்பிக் கேட்டார். உனக்கு வேலை நிரந்தரக் கடிதம் கிடைச்ச உடன நாள் குறிக்கலாமாம். புள்ள நல்ல குணமாம். துஆச் செய்யிறன்.

வஸ்ஸலாம்.
ஹாஜறா ராத்தா


கொழும்பு
29.01.2025

அன்புள்ள ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் சுகம். வயிறும் பரவாயில்ல. மச்சானுக்கும் சின்ன ராத்தாவுக்கும் ஸலாம் சொல்லுங்க.

விலைமனு விசயமா எனக்கு ஒண்டும் எழுத வேணாம். சட்டம் இப்ப கடுமை. நான் இருக்கிறது கடிதம் பதியிற பகுதி, கீழ் மாடி. சாமான் வாங்குற பெறுகைப் பிரிவு மூணாம் மாடி. அங்க என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாது.

ஆவணியில நிரந்தரம் ஆகும் எண்டு சொல்றாங்க. அதுவரைக்கும் தலையக் குனிஞ்சு இருக்கணும்.

வஸ்ஸலாம்.
முர்ஷித்


மருதமுனை
20.02.2025

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா?

இஞ்ச சுகம் எண்டு எழுதக் கை வரல்ல. கிணறு வெட்டப் பூதம் பொறப்பட்ட கதையாப் போயிட்டுது. உன்ட திணைக்களத்தால ரெண்டு கடிதம் வந்திச்சி. ஒண்டு மச்சானுக்கு, மத்தது றஸ்மிக்கு. தபால்காரன் ஒண்டாக் கொண்டு வந்து தந்தான். ரெண்டு பேரும் கூட்டுச் சேந்து, ஒராள் கூட்டியும் ஒராள் குறைச்சும் விலை போட்டு, அரசாங்கத்த ஏமாத்தப் பாத்தாங்களாம். ரெண்டு வருசத்துக்குக் கறுப்புப் பட்டியல். எந்த அரசாங்கக் கந்தோருக்கும் ஒரு வாங்குப் பலகைகூடச் செய்து குடுக்க ஏலா.

காரணம் என்ன தெரியுமா? ரெண்டு பேர்ட விலாசமும் ஒண்டாம்! 47, கடற்கரை வீதி. கம்பியூட்டர் கண்டு பிடிச்சதாம்.

யா அல்லாஹ், வேற எந்த விலாசத்தப் போட? உம்மா வளவப் பிரிச்சி எனக்கொரு ஊடு, றுஸ்னாக்கொரு ஊடு கட்டித் தந்தா. நம்முட பக்கத்துல ஊடு பொம்புளப் புள்ளைக்கு, மாப்பிள வந்து குந்துறவர். ஒரு உம்மாட மருமக்கள் எல்லாம் ஒரு வளவுலதானே. இந்தக் கடற்கரை முழுக்க அப்படித்தானே.

உன்னட்ட ஒண்டு மறைக்கல்ல. எங்கட இன்டர்நெட் பெட்டி பழுது. றுஸ்னாட பெட்டியாலதான் நானும் அனுப்பினன். அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஒரே பின்னேரம். அதையும் கண்டு பிடிச்சிருக்காங்க. மச்சானுக்கு இது தெரியாது. தெரிஞ்சா என்னைத் தோலுரிப்பார்.

நம்முட வழக்கம் இதுதான் எண்டு அங்க ஆராவது ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீ மூணாம் மாடிக்கு ஒருக்காப் போய்ச் சொல்லு தம்பி. ஒரே ஒரு வார்த்த.

வஸ்ஸலாம்.
ஹாஜறா ராத்தா


மருதமுனை
08.03.2025

தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு எப்படிப் போகுது? ஸஹருக்கு எழும்புறாயா? என்ட கடிதம் கிடைச்சதா? பதில் இல்ல. போன் எடுத்தா மீட்டிங் எண்டு வெக்கிறாய்.

பட்டறை பூட்டு. ஐஞ்சு பேர் வேலை செஞ்ச இடம். மச்சான் பள்ளியால தொழுதிட்டு வந்தா நேர பட்டறைக்குள்ள போய்ச் சும்மா இரிக்கார். அங்கால றஸ்மிட பட்டறையிலயும் சத்தமில்ல. இவ்வளவு காலமும் ஆர்ட மிஷின் சத்தம் கூட எண்டு சண்டை. இப்ப ரெண்டும் இல்ல, எனக்குத் தலையிடி மாறல்ல.

ரெண்டு வரி எழுது.

ராத்தா


கொழும்பு
24.03.2025

அன்புள்ள ராத்தாவுக்கு, ஸலாம்.

நலம். நோன்பும் அல்லாட உதவியால போகுது. தாமதத்துக்கு மன்னிக்கவும், வருட முடிவுக் கணக்கால வேலை அதிகம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கறுப்புப் பட்டியலில் இடப்பட்டவர்கள் அறிவித்தல் கிடைத்து தொண்ணூறு நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கிராம சேவகரின் உறுதிக் கடிதம், பள்ளிவாசல் கடிதம், காணி உறுதிப் பிரதி ஆகியன இணைக்கப்பட வேண்டும். இரு தரப்பும் கையொப்பமிட்டு நேரில் சமுகமளிக்க வேண்டும்.

பெருநாளைக்கு வர லீவு இல்ல.

இப்படிக்கு,
முர்ஷித்


மருதமுனை
12.04.2025

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் வந்து போயிட்டுது. உனக்கெண்டு எடுத்த சாரன் அலுமாரியில கிடக்கு.

உன்ட கடிதத்த வாசிச்சி, இது என்ட தம்பி எழுதினதா, கந்தோர் எழுதினதா எண்டு றுஸ்னா கேட்டா.  ஆனா அதுல இருந்தபடி எல்லாம் செஞ்சன்.

கிராம சேவகர் ஜீ.எஸ்ட வாசலுக்கு நாலு நாள் நடந்தன். ஒரு நாள் கூட்டம், ஒரு நாள் சீல் இல்ல, ஒரு நாள் ஆளே இல்ல. பொறகு பள்ளிக் கடிதத்துக்கு, பள்ளி நிருவாகம் பாக்கிற சீனிமுகம்மது மரைக்காரிட்டப் போனன். “ரெண்டு பேரும் மூணு வருசமா முகம் பாக்கல்ல எண்டு எழுதித் தாங்க” எண்டன். மனிசன் கண்ணாடியக் கழட்டிட்டுச் சிரிக்கார். “புள்ள, ஒத்துமையா இரிக்காங்க எண்டு ஊருக்கெல்லாம் கடிதம் குடுத்திரிக்கன். பகையாளி எண்டு பள்ளிப் பேர் அடிச்ச கடதாசியில எழுதச் சொல்லி நீதான் முதல்ல வந்திரிக்காய்” எண்டார். கடைசியில, வேற வேற குடும்பம், வேற வேற பட்டறை எண்டு எழுதித் தந்தார்.

அதுக்குப் பொறகுதான் பெரிய கூத்து. கூட்டுச் சேரல்ல எண்டு காட்ட ரெண்டு பேரும் ஒண்டாச் சேந்து கையெழுத்துப் போடணுமே. “அவன்ட பேருக்குக் கீழ என்ட பேரா?” எண்டு மச்சான் கடதாசியத் தள்ளி விட்டார். மேல ஆர்ட பேர் எண்டு ஒரு கிழமை சண்டை. கடைசியில நானும் றுஸ்னாவும் பக்கத்துல பக்கத்துலயா கோடு போட்டம். போட்டாங்க.

மே 14 புதன்கிழமை விசாரணையாம். அண்டைக்கு நீ வாசலுக்கு வந்து அவங்களோட நில்லு. கொழும்பு அவங்களுக்குப் புதுசு, சிங்களமும் அரைகுறை.

வஸ்ஸலாம்.
ஹாஜறா ராத்தா


கொழும்பு
28.04.2025

ராத்தா, ஸலாம். சுகம்.

14ஆந் திகதி நான் கந்தோரில இல்ல. அனுராதபுரத்துக்கு வேலையா அனுப்புறாங்க. மச்சானுக்குச் சொல்லுங்க.

முர்ஷித்


மருதமுனை
21.05.2025

தம்பி முர்ஷித், அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ சுகமா இரிக்க துஆச் செய்யிறன். போய்ட்டு வந்தாங்க, உனக்குச் சொல்லணும்.

பஸ்ஸுல வேற வேற சீற்றுலதான் ஏறினாங்க. மலைப் பாதையில றஸ்மிக்கு வாந்தி. பக்கத்துல இருந்தவன் எழும்பி ஓடிட்டான். மச்சான்தான் போய் முதுகத் தடவி, மடியில வெச்சிருந்த எலுமிச்சங்காயக் குடுத்திரிக்கார். மூணு வருசத்துக்குப் பொறகு கதைச்ச முதல் கதை, “இந்தா, மணந்து பார்.” பொறகு சாப்பாடும் ஒண்டாத்தான். நானும் றுஸ்னாவும் புத்தி கெட்டதுகள், ரெண்டு பேருக்கும் ஒரே பார்சல் கட்டிக் குடுத்திட்டம்.

விசாரணை செஞ்ச பெரியவர் முதல்ல கேட்டது, “ஒண்டாத்தானே வந்தீங்க? ஒரே பார்சல்தானே வாசல்ல இருந்து தின்னீங்க?” மச்சான் காணி உறுதியக் காட்டி, பள்ளிக் கடிதத்தக் காட்டி, நம்முட வழக்கத்தச் சொன்னாராம். மொழிபெயர்க்க கேதீஸ்வரி எண்டு ஒரு மிஸ். நல்ல மனிசி. பெரியவர் சிங்களத்துல சொன்னதக் கேட்டுட்டு, முகத்தக் குனிஞ்சிக்கிட்டு மெதுவாச் சொன்னாவாம்: “உங்கட பக்கத்து உத்தியோகத்தர் ஒருவரிட்ட மனுப் பாத்த அண்டைக்கே கேட்டவங்களாம். அப்படி ஒரு வழக்கம் தெரியாது எண்டு அவர் சொன்னதாக் கோப்புல இரிக்காம்.”

மேன்முறையீடு தள்ளுபடி.

மச்சான் வந்து இதச் சொல்லக்குள்ள நான் மீன் வெட்டிக்கிட்டிருந்தன். “ஆரோ அக்கரைப்பற்று ஆளா இரிக்கும். முர்ஷித் கீழ் மாடி, அவனுக்கென்ன தெரியும். அவன் இருந்தாச் சொல்லியிருப்பான்” எண்டார். ஓம் எண்டன்.

அந்தத் திணைக்களத்துல எங்கட பக்கத்து ஆள் நீ ஒருத்தன்தான் எண்டு போன வருசப் பெருநாளைக்கு நீதான் பெருமையாச் சொன்னாய்.

வேற ஒண்டும் எழுதல்ல. உடம்பப் பாத்துக்கொள்.

ராத்தா


கொழும்பு
16.06.2025

ராத்தாவுக்கு,

நீங்க கேக்கல்ல. கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்பன்.

நான் இருக்கிறது மூணாம் மாடியிலதான். போன வருசமே பெறுகைப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. சொந்தக்காரர் ஆராவது மனு போட்டா, ஒரு படிவத்தில எழுதிக் குடுத்துட்டு அந்த வேலையில இருந்து ஒதுங்கணும். உங்கட முதல் கடிதம் வந்த அண்டே அத எழுதியிருக்கணும். நிரந்தரம் ஆகிற நேரத்தில ஒரு பிரச்சினையும் வேணாம், ஆருக்குத் தெரியப் போகுது எண்டு விட்டுட்டன்.

குழுக் கூடின அண்டைக்கு கோப்பத் தூக்கிட்டுப் போனது நான்தான். திரையில ரெண்டு மனுவும் சிவப்பில வந்தது. ஒரே விலாசம், ஒரே இணைப்பு. பணிப்பாளர் என்னப் பாத்தார். “முர்ஷித், நீங்க கல்முனைப் பக்கம்தானே, இதென்ன விசயம்?” எண்டு நல்லவிதமாத்தான் கேட்டார். அந்த மனிசன் கேட்ட விதத்தப் பாத்தா, நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பார். ஆனா சொன்னா அடுத்த கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும் எண்டு வரும். அந்த 47 நான் பொறந்த இலக்கம்.  “தெரியாது சேர்” எண்டன். உடன கோப்புல எழுதிட்டாங்க.

அனுராதபுரத்துக்கும் நான் போகல்ல. மச்சான் கீழ நிக்கக்குள்ள மேல ஜன்னலால பாத்துக்கிட்டு இருந்தன்.

உள்ளதெல்லாம் பணிப்பாளருக்கு எழுதி, கையெழுத்தும் வெச்சு இதோட அனுப்புறன். மச்சான்ட பேரும் றஸ்மி மச்சான்ட பேரும் பட்டியல்ல இருந்து எடுபடும். எப்ப குடுக்கிறது, குடுக்கிறதா இல்லையா எண்டு நீங்களே முடிவெடுங்க.

முர்ஷித்


மருதமுனை
25.06.2025

முர்ஷித்,

உன்ட கடதாசி இதுக்குள்ள இரிக்கு. திருப்பி அனுப்புறன்.

வாசிச்சி அழுதன். பொறகு கோவம் வந்திச்சி, இன்னும் போகல்ல. நீ செஞ்சதுக்குக்கூட இவ்வளவு கோவம் இல்ல. பயந்தாய், பயப்படுறது மனிசன்தான். ஆனா இத என்னட்ட அனுப்பினாய் பார், அதுக்குத்தான். நான் இதக் குடுத்தா என்ட தம்பிய நான் அழிச்சதாகும். குடுக்காட்டி என்ட மாப்பிளய நான் அழிச்சதாகும். எப்படிப் பாத்தாலும் குத்தம் என்ட தலையில, நீ மட்டும் உண்மை சொன்ன நல்ல புள்ள. நல்லா இரிக்குடா உன்ட நியாயம்!

ரெண்டு கிழம கம்பியூட்டருக்கு முன்னால குந்தினது நான். ஜீ.எஸ்ட வாசல்ல காவல் கிடந்தது நான். மரைக்காரிட்டச் சிரிப்பு வாங்கினது நான். பகையாளிகளுக்குக் கோடு போட்டதும் நான். இனி ஏலா. ஆம்புளைகள்ட கடதாசி சுமந்து சுமந்து களைச்சிட்டன் தம்பி.

குடுக்கிறதெண்டா உன்ட கையால குடு. குடுக்காட்டிக் கிழிச்சி எறி, நான் ஆரிட்டயும் சொல்ல மாட்டன். என்னட்ட மட்டும் அனுப்பாத.

ஹாஜறா


கொழும்பு
14.07.2025

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இண்டைக்குக் காலையில பத்தேகாலுக்குக் குடுத்துட்டன். ரெண்டு கிழமை அது என்ட பேக்குக்குள்ள கிடந்தது. ஒவ்வொரு நாளும் கொண்டு போய் ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொண்டு வந்தன்.

பணிப்பாளர் ரெண்டு தரம் வாசிச்சார். ஏசுவார் எண்டு நிண்டன். கதிரையக் காட்டி இருக்கச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வெக்கமாப் போச்சு. “ஒரு வசனம் தம்பி, ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே” எண்டார். ரெண்டு பேர்ட விசயத்தையும் திரும்பப் பாக்கிறதாச் சொன்னார். எவ்வளவு நாள் எடுக்கும் எண்டு சொல்லல்ல. எனக்கு இந்த மாசக் கடைசியோட வேலை இடைநிறுத்தம். விசாரணை வைப்பாங்க.

நுஸ்ஹாட வாப்பாவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னன். “நல்லது மகன்” எண்டு வெச்சுட்டார். அதுக்கு என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியும்.

31ஆந் திகதி வியாழக்கிழமை அறைய விடணும். ஊருக்குத்தான் வரணும். வாறதெண்டு யோசிக்கக்குள்ளதான் விளங்குது, எனக்கு ஊரில வீடு எண்டு ஒண்டு இல்லையே. ஒண்டு உங்கட வீடு, ஒண்டு சின்ன ராத்தாட வீடு. ரெண்டு வீட்டு மனிசருக்கும் நான் செஞ்சது இது. ஆர்ட வாசல்ல வந்து நிக்கிறது? எனக்கு முகமில்ல ராத்தா.

வஸ்ஸலாம்.
உங்கட தம்பி முர்ஷித்


மருதமுனை
20.07.2025

அன்புத் தம்பி முர்ஷிதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்ட கடிதம் நேத்துக் கிடைச்சது. றுஸ்னாவக் கூப்பிட்டு வேலியடியில வெச்சி வாசிச்சிக் காட்டினன். அவ உன்னைக் கிழிகிழியெண்டு கிழிச்சிட்டு, கடைசியில, ஆள் மெலிஞ்சிருப்பான் எண்டா.

மச்சானுக்கு நான்தான் சொன்னன். நீ சொல்லுவாய் எண்டு பாத்திருந்தா இன்னும் ஆறு மாசம் போகும். சாப்பிட்டு முடியட்டும் எண்டு பாத்துச் சொன்னன். “அந்தப் பக்கத்து உத்தியோகத்தர் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது” எண்டன். “ஆர்?” எண்டார். “என்ட தம்பி” எண்டன். இன்டர்நெட் விசயத்தையும் சேத்தே சொன்னன், இனி எனக்கும் ஒளிக்க ஏலா.

மனிசன் கைய ரெண்டாந்தரமும் கழுவினார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவன்” எண்டு சுவரப் பாத்துச் சொன்னார். அழுறாரோ எண்டு எனக்குப் பயமாப் போச்சி. பொறகு எழும்பி, சேட்டப் போட்டுக்கிட்டு, வேலிக்கு அங்கால போனார். உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போன பொறகு அவர் அந்த ஊட்டுக்குப் போனது நேத்துத்தான். சகலன் ரெண்டு பேரும் வாசல் முற்றத்துல நிண்டு கன நேரம் கதைச்சாங்க. என்ன கதைச்சாங்க எண்டு எனக்கும் கேக்கல்ல, றுஸ்னாக்கும் கேக்கல்ல.

திரும்பி வந்து வாசல்ல நிண்டுக்கிட்டுக் கேட்டார், “வியாழக்கிழமை பஸ் எத்தினை மணிக்கு வரும்?”

“என்னத்துக்குக் கேக்கிறீங்க?” எண்டன். சேட்டக் கழட்டிக்கிட்டு உள்ள போயிட்டார்.

நல்லதுக்கோ கெட்டதுக்கோ எண்டு எனக்குத் தெரியாது தம்பி. நேரத்த எழுது. பஸ்ஸடிக்கு ரெண்டு பேரும் வாறாங்களாம்.

வஸ்ஸலாம்.
ஹாஜறா ராத்தா